மூன்றாவது துணி

புதிதாகக் கழுவும் மேசைக்கு வந்திருக்கும் உங்கள் நாலு பேருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை டீ நேரத்தில் மேடம் என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார். எழுந்து நின்றேன். "எல்லாரும் சாப்ட்டீங்களா" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். தப்பில்லை, எனக்கே சிரிப்பு வந்தது. ஆள் கூடினால் எனக்கு வாய் வராது. படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். பிழைகளை என் மகள் திருத்தினாள். விஷயத்தில் அவள் கை வைக்கவில்லை.

ரெக்கார்டை எந்தத் தண்ணீரில் கழுவ வேண்டும், எவ்வளவு நேரம் காய வைக்க வேண்டும் என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதைப் படித்துக்கொள்ளுங்கள். சுவரில் இல்லாத ஒன்றைத்தான் நான் சொல்ல வேண்டும். மேசைக்கு மேலே ஆணியில் ஒரு ரெக்கார்டு மாட்டியிருக்கிறதே, அது ஏன் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது என்று வந்த முதல் நாளே கேட்டீர்கள். நான் சட்டையைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இப்போது சொல்கிறேன்.

பன்னிரண்டு வயதில் நான் ஒரு மைக் செட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று எங்கே விசேஷம் நடந்தாலும் புனல் ஸ்பீக்கர் கட்டி ரெக்கார்டு போடுவோம். எட்டு வருடம் அந்த வேலை பார்த்தேன். அப்போது நாங்கள் ரெக்கார்டுகளைப் படுத்திய பாட்டை நினைத்தால் இப்போது கை கூசுகிறது. லுங்கியில் துடைப்போம். வாயால் ஊதுவோம், எச்சிலும் சேர்ந்து போகும். தகரப் பெட்டியில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வெயிலில் வைப்போம். எடுத்துப் பார்த்தால் அப்பளம் மாதிரி வளைந்திருக்கும். பிளேயர் முள் எகிறினால் அதன் தலையில் ஒரு காசை வைப்போம். காசின் கனத்தில் முள் பாட்டையே உழுதுவிடும்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் எல்லோருக்கும் பயபக்தி இருந்தது. விசேஷத்தில் போடும் முதல் ரெக்கார்டு. அது எப்போதும் நாதஸ்வரம். புனல் கட்டியது யாராக இருந்தாலும், ஒயர் இழுத்தது யாராக இருந்தாலும், முதல் ரெக்கார்டில் முள் வைப்பது செட்டுக்காரர் மட்டும்தான். குளித்து, திருநீறு பூசி, மூச்சை அடக்கி வைப்பார். நாங்கள் தள்ளி நின்று பார்ப்போம். எட்டு வருடத்தில் ஒரு நாள்கூட எனக்கு அந்த முள் கிடைக்கவில்லை. எந்தச் செட்டிலும் அப்படித்தான்.

கேசட் வந்தது. செட்டுக்காரர் ரெக்கார்டுகளை மூட்டையாகப் போட்டுவிட்டார். நான் கிடைத்த வேலையெல்லாம் பார்த்து, கடைசியில் ஒரகடத்தில் கார் பம்பர் செய்யும் ஒரு கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் நிலைத்தேன். பதினெட்டு வருடம். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் கடைசித் துணி போடுவது என் வேலை. ஒரு தூசி தங்கினாலும் பெயிண்டுக்கு அடியில் பரு மாதிரி எழும்பி நிற்கும். லைட்டைச் சாய்த்துப் பிடித்தால் மற்றவர்களுக்குத் தெரியாத தூசி எனக்குத் தெரியும். ஆடிட் வரும் நாளில் சூப்பர்வைசர் என்னை வேறு இடத்துக்கு மாற்றவே மாட்டார். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். பிறகு என் இடத்துக்கு நெருப்புக்கோழி இறகு சுற்றிய உருளை மெஷின் ஒன்று வந்தது. அதற்கு டீ பிரேக் தேவையில்லை. நான் வெளியே வந்தேன்.

மேடம் அப்போதுதான் சுங்குவார்சத்திரத்தில் செல்போன் கடைக்கு மேலே, பழைய ரெக்கார்டு கழுவிக் கொடுக்க இந்த இடத்தைப் பிடித்திருந்தார். மறுபடியும் ஜனங்கள் ரெக்கார்டு வாங்க ஆரம்பித்திருந்தார்கள். அப்பா பெட்டி, மாமனார் பெட்டி என்று பரணிலிருந்து இறக்கினார்கள். எல்லாம் பூஞ்சை, தூசி, கரப்பான் எச்சம். தூசி பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று மேடம் தேடினார். அப்படித்தான் முப்பது வருடம் கழித்து ரெக்கார்டு என் கைக்குத் திரும்பி வந்தது. கட்டை விரல் விளிம்பில், மற்ற விரல்கள் நடுக் காகிதத்தில். பாட்டு இருக்கும் இடத்தில் விரல் படாது. கை மறக்கவில்லை. ஆனால் கைக்குத் தெரிந்திருந்ததில் பாதி தப்பு.

எனக்கு எதிர் மேசையில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள், உங்களுக்குத் தெரியும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவள். இங்கே ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவள். என் மகளைவிட இரண்டு வயது பெரியவள். பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். "பேரெல்லாம் எதுக்குண்ணே. எங்கம்மா கையில கெடச்சா, ஊரே படிக்குது, எப்போடி கல்யாணம்னு ஆரம்பிச்சிருவா" என்றாள். ஆகவே பெயர் இல்லை. ஆனால் இந்த மேசையில் எனக்கு வாத்தியார் அவள்தான்.

சேர்ந்த இரண்டாவது மாதம். காஞ்சிபுரத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பெட்டி கொடுத்திருந்தார். இருபது ரெக்கார்டு. பதினெட்டைக் கழுவி முடித்துவிட்டேன். பத்தொன்பதாவதைக் கையில் எடுத்ததும் கை ஒரு நொடி நின்றது. கனமாக இருந்தது. வளைந்து கொடுக்கவில்லை. நகத்தால் தட்டினால் பீங்கான் தட்டு மாதிரி சத்தம். மற்றதெல்லாம் வினைல், அதாவது பிளாஸ்டிக், மைக் செட்டில் நான் தொட்டதும் அதுதான். இது வேறு ஏதோ என்று தோன்றியது. மேடம் உள்ளறையில்தான் இருந்தார். எதிரில் அந்தப் பெண் இருந்தாள். கேட்டிருக்கலாம். ஐந்தாம் வகுப்பு படித்தவன் இதுகூடத் தெரியாமலா வந்தான் என்று நினைத்துவிடுவார்களோ என்று கேட்கவில்லை.

கையில் ஐ.பி.ஏ. பாட்டில் இருந்தது. நம் பக்கத்தில் எந்தக் கம்பெனிக்குள் போனாலும் அந்தப் பாட்டில் இருக்கும். ஆல்கஹால் வகைத் திரவம். துடைத்ததும் காற்றில் போய்விடும். பதினெட்டு வருடம் என் கையிலேயே இருந்த பாட்டில். துணியில் நனைத்து ஒரு சுற்றுத் துடைத்தேன். வெள்ளைத் துணி கறுப்பாக வந்தது. எவ்வளவு அழுக்கு என்று சந்தோஷப்பட்டேன். பெயிண்ட் ஷாப்பில் துணி கறுத்தால் வேலை நன்றாக நடக்கிறது என்று அர்த்தம். இரண்டாவது துணி. அதுவும் கறுப்பு. விடக்கூடாது என்று அழுத்தித் துடைத்தேன். மூன்றாவது துணி. கறுப்பு.

எதிர் மேசையிலிருந்து அவள் மெதுவாகச் சொன்னாள்:

"அண்ணே, அழுக்குன்னா தொடைக்கத் தொடைக்கக் கொறையணும்லா. இது கொறையவே மாட்டேங்கே."

அப்போதுதான் புரிந்தது. அது அழுக்கு கிடையாது. ரெக்கார்டே கரைந்து வந்துகொண்டிருந்தது. வினைல் வருவதற்கு முன்னால் ரெக்கார்டை அரக்கில் செய்தார்கள். அரக்கு ஆல்கஹாலில் கரையும். நான் துடைத்தது முழுக்க அந்த ரெக்கார்டில் இருந்த பாட்டு.

மேடம் என்னைத் திட்டவில்லை. காஞ்சிபுரத்துக்கு அழைத்துப் போனார். வாத்தியார் அந்த ரெக்கார்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேடம் மன்னிப்புக் கேட்டு முடிக்கும்வரை காத்திருந்து என் பக்கம் திரும்பினார்.

"கையில எடுத்தப்பவே ஒரு சந்தேகம் வந்திருக்கணுமே உங்களுக்கு?"

"வந்துது சார்."

"அப்போ ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

அவ்வளவுதான் சொன்னார். ரெக்கார்டை எங்களிடமே கொடுத்துவிட்டார். நான்தான் ஆணி அடித்து மாட்டினேன். உட்கார்ந்து நிமிர்ந்தால் கண்ணில் படுகிற இடத்தில்.

இனி வருவதுதான் நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

அது நடந்து இரண்டு வருடம் கழிந்திருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஒரு பெரியவரும் அவர் மகனும் மாடி ஏறி வந்தார்கள். பெரியவர் பெயர் கன்னியப்பன். அந்தக் காலத்து மைக் செட்டுக்காரர். மகன் சதீஷ் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டு, லீவு நாளில் பெரிய பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை வாடகைக்கு விடுகிறவன். பெரியவர் மார்போடு ஒரு துணி மூட்டையை அணைத்திருந்தார். மேசையில் வைத்து அவிழ்த்தார். ஒரே ஒரு ரெக்கார்டு. கனமானது. அரக்கு. இந்தத் தடவை பார்த்ததுமே தெரிந்தது.

பாட்டு ஆரம்பிக்கும் விளிம்பை ஒட்டி மூன்று இடத்தில், சந்தனமும் குங்குமமும் ரூபாய் நாணயம் அளவுக்குக் கெட்டியாக அப்பியிருந்தன. நடுக் காகிதத்தில் ஒன்று.

"ஆயுதபூஜை பொட்டு" என்றார் பெரியவர். "செட்டுக்கு வச்சா ரெக்கார்டுக்கும் வப்போம். இதான எங்க மொத ரெக்கார்டு. வருசா வருசம் பழசு மேலயே புதுசு வச்சிடறது."

நம் பக்கத்தில் லேத்துக்கும் வைப்போம், பஸ்ஸுக்கும் வைப்போம், கம்ப்யூட்டருக்கும் வைப்போம். வைத்தவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சந்தனம் காய்ந்தால் சிமெண்ட். அது பாட்டுக் கோட்டுக்குள்ளே இறங்கியிருந்தது. முள் அதில் ஏறினால் தூக்கி எறியும்.

சதீஷ் விஷயத்தைச் சொன்னான். "வெள்ளிக்கெழம எங்க ஊரு புள்ளையார் கோயிலு கும்பாபிஷேகம் ணா. நைனா ஒரு மாசமா ஒரே பேச்சு. பழைய புனலு கட்டணுமாம், இந்த ரெக்கார்டுதான் மொதல்ல பாடணுமாம். ஃபோன்ல இதே நாயனம் கீது, ரெண்டு செகண்டுல போட்டுடலாம்னு சொன்னா கேக்க மாட்டேங்கறாரு."

"ஃபோன்ல போட்டா சாமிக்கு கேக்கும்டா" என்றார் பெரியவர். "எனக்குத்தான் கேக்காது."

கோயிலை முதலில் கட்டித் திறந்தபோது இதே ரெக்கார்டை அவர்தான் போட்டாராம். அந்தக் கோயில் கம்பெனிக்குப் போன நிலத்தில் இருந்தது. இப்போது ரோட்டுக்கு இந்தப் பக்கம் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். "எடம் மாறிப்போச்சி. சத்தமாவது அதே சத்தமா இருக்கட்டும்" என்றார்.

எனக்கு விஷயம் விளங்கியது. வெள்ளிக்கிழமை காலை இது பாட வேண்டும். உடைந்தாலோ கரைந்தாலோ இன்னொன்று கிடையாது.

மேடம் அன்று பெங்களூர் போயிருந்தார். "ஐயா, வச்சிட்டுப் போங்க, வியாழக்கெழம தரோம்" என்றேன். பெரியவர் தலையாட்டினார், மாட்டேன் என்று. இந்த ரெக்கார்டு அவர் வீட்டைத் தவிர வேறு எங்கும் தங்கியதே இல்லையாம். சதீஷுக்கு மதியம் ஷிப்ட். அவன் பொறுமை போய்விட்டது. முதுகுப் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தான்.

"இன்னா ணா, ஒரு பொட்ட தொடைக்க மூணு நாளா? எங்க லைன்ல எது ஒட்டினாலும் இதான். ஒரே இழு, பளிச்னு வந்துடும்." சொல்லிக்கொண்டே மூடியைத் திருகிவிட்டான். துணியையும் எடுத்துவிட்டான். அதே வாசனை. ஐ.பி.ஏ.

மேடத்துக்குப் போன் போட்டிருக்கலாம். அவர் சொல்வார், அவன் கேட்பான், நான் தப்பித்துவிடலாம். போன் எடுத்து அவர் பேசுவதற்குள் அவன் துடைத்திருப்பான்.

"மூடுப்பா அத" என்றேன்.

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. எதிர் மேசைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். நான் ஒருவரை அதட்டி அவள் பார்த்ததே இல்லை.

சதீஷுக்கு முகம் மாறியது. "நானும் கம்பெனில வேல பாக்கறவன்தான் ணா. எனக்குத் தெரியாதா?"

நான் ஆணியில் மாட்டியிருந்த ரெக்கார்டைக் காட்டினேன். "அத பாரு. நான் பண்ணதுதான் அது. இதே பாட்டில். நானும் உன்ன மாரிதான் தெரியும்னு நெனச்சேன்."

அவன் அந்த ரெக்கார்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பாட்டிலை மூடிப் பையில் போட்டான். பெரியவர் என்னைப் பார்த்தார். தொழிலில் ஒருவன் தன் தப்பைத் தானே வாடிக்கையாளரிடம் காட்டினால் அவர் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் இங்கியே இருக்கறேன். நீ பண்ணு. டேய், நீ வேலைக்குப் போயிட்டு அப்பறமா வா."

அப்படித்தான் அவர் கண் முன்னாலேயே வேலையைத் தொடங்கினேன். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரே ஒரு சொட்டு சோப்பு. விளிம்புக்கு வெளியே பாட்டு இல்லாத இடத்தில் முதலில் தொட்டுப் பார்த்தேன். ரெக்கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் பொட்டின் மேல் இரண்டு சொட்டு விட்டு ஊற வைத்து, மெல்லிய பிரஷ்ஷால் பாட்டு ஓடும் பக்கமாகவே தள்ளினேன். குறுக்கே ஒரு தடவைகூடப் போகவில்லை. மஞ்சள் சேறு மாதிரி வந்தது. பெரியவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தனம் முழுக்கப் போன பிறகு துணியை ஒற்றி எடுத்தேன்.

துணி கறுப்பாக இருந்தது.

இன்னொரு துணியை எடுத்து ஒற்றினேன். முதலைவிடக் கறுப்பு.

என் கை நின்றுவிட்டது. தண்ணீரில் அரக்கு கரையாது என்று மேடம் சொல்லித்தான் இத்தனை நாள் செய்திருக்கிறேன். இந்த ரெக்கார்டு மட்டும் வேறு மாதிரியோ? ஊறியதில் கலங்கிவிட்டதோ? எதிர் மேசைப் பெண்ணைப் பார்த்தேன். அவள் துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சொல்ல வேண்டியதை அவள் இரண்டு வருடம் முன்பே சொல்லிவிட்டாள். மூன்றாவது துணி போடத்தான் வேண்டும். குறைந்தால் அழுக்கு. குறையாவிட்டால் ரெக்கார்டு. ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. காஞ்சிபுரத்து வாத்தியார் சொன்னாரே, ஒரு வார்த்தை கேட்பது.

"ஐயா, பூஜைல சந்தனம் குங்குமத்துக்கு முன்னாடி இதும்மேல வேற இன்னா வப்பீங்க?"

பெரியவர் யோசித்தார். "ஒண்ணும் இல்லியே." பிறகு துணியைப் பார்த்தார். குனிந்து முகர்ந்து பார்த்தார். சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மை. வூட்டுக்காரி வப்பா. எங்கூட்டு ரெக்கார்டு பாடனா மூணு ஊருக்குக் கேக்கும், கண்ணு பட்டுடும்னு சொல்லி, கொழந்தைக்கு வைக்கற மாரி மொதல்ல ஒரு மைப் பொட்டு. அதும்மேல நான் சந்தனம் வப்பேன்." விரலால் அந்த மையைத் தொட்டுப் பார்த்தார். "அவ போயி ஆறு வருசம் ஆச்சி. நான் மறந்தே பூட்டேன்."

விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்த மை. அதனால்தான் தண்ணீரில் உடனே போகாமல் இழுபட்டு வந்தது.

நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எடுக்கட்டுமா என்று எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அவரே சொன்னார். "எடு எடு. அவளும் அது பாடணும்னுதான வச்சா."

மூன்றாவது துணியை ஒற்றினேன். சாம்பல் நிறம். நாலாவது, லேசான புகை மாதிரி. ஐந்தாவது வெள்ளை. "கொறைஞ்சிட்டுண்ணே" என்று எதிர் மேசையிலிருந்து சத்தம் வந்தது. நிமிராமலே தலையாட்டினேன்.

மூன்று பொட்டும் எடுத்து முடிக்க மாலை நாலு மணி ஆனது. நடுக் காகிதத்தில் இருந்த பொட்டை நான் தொடவில்லை. முள் அங்கே போகாது. அங்கே அது இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அவரும் அதைக் கவனித்தார். ரெக்கார்டைக் காய வைத்து, புது உறையில் போட்டு, படுக்க வைக்காமல் நிறுத்தி வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். அவருடைய பிளேயரின் முள்ளைப் பற்றியும் விசாரித்தேன். எத்தனை வருடமாக அதே முள் என்று அவருக்கே தெரியவில்லை. தேய்ந்த முள் உளி மாதிரி செதுக்கிவிடும். நாம் சுத்தம் செய்ததெல்லாம் ஒரு சுற்றில் வீணாகும். இந்த வகை ரெக்கார்டுக்கான புது முள் ஒன்றை எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை நானே வந்து மாட்டுகிறேன் என்றேன். கூப்பிடாத இடத்துக்கு நான் போனதே கிடையாது. அன்று வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

இன்னொன்றையும் சொன்னேன். "ஐயா, பொட்டு இருந்த எடத்துல கோடு கொஞ்சம் அரிச்சிருக்கு. மொதல்ல டக் டக்குனு சத்தம் வரும். அத என்னால எடுக்க முடியாது." இதையும் மறைக்காமல் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். முடிந்ததைச் சொல்வது சுலபம்.

வெள்ளிக்கிழமை காலை பிள்ளைப்பாக்கத்துக்குப் போனேன். எதிர் மேசைப் பெண்ணும் வந்தாள். ஷிப்ட் முடித்து வந்த பிள்ளைகள் கம்பெனிச் சட்டையோடு வரிசையில் நின்றிருந்தார்கள். வேப்பமரத்தில் இரண்டு பழைய புனல்கள் கட்டியிருந்தன. ஏறிக் கட்டியது சதீஷ்தான். என்னைப் பார்த்ததும், "வா ணா, உன் ரெக்கார்டு வெய்ட்டிங்" என்றான். நான் முள்ளை மாற்றினேன். பெரியவர் குளித்து, திருநீறு பூசி, வேட்டியை இறுக்கிக்கொண்டு வந்து பிளேயர் முன்னால் உட்கார்ந்தார். நான் பழக்கதோஷத்தில் நாலடி தள்ளிப் போய் நின்றுவிட்டேன்.

தட்டு சுற்ற ஆரம்பித்தது. அவர் கையை நீட்டினார். நிறுத்தினார். திரும்பிப் பார்த்தார்.

"எங்க போற? வா இங்க. முள்ள நீ வை."

"ஐயா, மொத ரெக்கார்டு. செட்டுக்காரருதான வைக்கணும்."

"செட்டுக்காரன் சொல்றேன். வை."

சுற்றி நூறு பேர் நின்றார்கள். சனிக்கிழமை டீ நேரத்தில் நாலு பேர் முன்னால் பேச முடியாதவன் நான், உங்களுக்குத் தெரியும். உட்கார்ந்தேன். முள்ளைத் தூக்கினேன். விளிம்பில் இறக்கினேன்.

டக், டக், டக் என்று வந்தது. சுற்றுக்கு மூன்று. பெரியவர் விரல்விட்டு எண்ணினார். "எங்கூட்டுக்காரி" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். அதற்குள் முள் அந்த இடத்தைத் தாண்டியிருந்தது. நாதஸ்வரம் எழும்பியது. மூன்று ஊருக்குக் கேட்டிருக்கும்.

அந்த ஐந்து துணிகளும் மேசையின் இரண்டாவது டிராயரில் வரிசையாக இருக்கின்றன. எடுத்துப் பாருங்கள். ஆணியில் இருப்பதையும் நிமிர்ந்து பாருங்கள். சந்தேகம் வந்தால் கேளுங்கள். எங்களிடம் கேளுங்கள், கொண்டு வந்தவரிடமும் கேளுங்கள். அந்த ரெக்கார்டின்மேல் என்னென்ன வைத்தார்கள் என்பது அவர் வீட்டுக்குத்தான் தெரியும்.

சர்க்கரை என் கண்ணில் வேலையைக் காட்டத் தொடங்கியிருக்கிறது. தூசி இப்போதெல்லாம் எனக்கு முன்னால் அந்தப் பெண்ணுக்குத் தெரிகிறது. அதனால் திங்கட்கிழமை முதல் நான் உறை போடும் பக்கம் போகிறேன், கழுவும் மேசை உங்களுடையது. அன்று நீங்கள் கழுவி முடிக்கும் முதல் ரெக்கார்டைப் போட்டுக் கேட்க வேண்டும். முள்ளை என்னிடம் நீட்டாதீர்கள். நீங்களே வையுங்கள். நான் நாலடி தள்ளி நின்று பார்க்கிறேன்.